மாவக்காவும் வேகாத மாவும்

கப்பலில் எல்லாரும் அவளை மாவக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பார்க்கும்போதெல்லாம் முழங்கை வரை மாவு ஒட்டியிருக்கும். அதைத் தட்டிவிடச் சொன்னால், "இருக்கட்டும், இதுதான் என் வளையல்" என்பாள். அவளுக்கு வாய் அப்படி. அந்த வாய்தான் அவளை மேலே தூக்கிவிட்டது, அதே வாய்தான் கீழேயும் இறக்கியது.

உல்லாசக் கப்பலுக்கு டிக்கெட் வாங்கிவிட்டால் சாப்பாட்டுக் கவலை தீர்ந்தது என்று நம்பிக்கொண்டு ஏறுகிறவர்கள் உண்டு, பாவம். மூன்று வேளைச் சாப்பாடு டிக்கெட்டில் அடக்கம்தான். ஆனால் ஒயின் ருசி பார்ப்பது தனி, காக்டெயில் கலக்கக் கற்றுக்கொள்வது தனி, சமையலறைக்குள்ளேயே மேசை போட்டுப் பெரிய ஷெஃப் நின்று பரிமாறும் விருந்து தனி. எல்லாவற்றுக்கும் மேல்கட்டணம் உண்டு. இவற்றில் பெரிய வேடிக்கை மாவக்கா நடத்திய கேக் வகுப்புதான். வீட்டில் செய்யச் சொன்னால் முகம் சுளிக்கிற வேலையை, இங்கே காசு கொடுத்து, ஏப்ரன் கட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டே செய்வார்கள்.

அந்த வகுப்பில் ஒரு கள்ளம் இருந்தது. வகுப்புக்கு ஒதுக்கிய நேரம் ஒரு மணி. அது முடிந்ததும் அதே கூடத்துக்கு ஒயின் கோஷ்டி வந்துவிடும். கலக்கி, ஊற்றி, வேகவைத்து, ஆறவைத்து, சாப்பிட்டு முடிக்க ஒரு மணி நேரம் எப்படிப் போதும்? போதாது. ஆகவே விருந்தாளிகள் மாவை அச்சில் ஊற்றி, தங்கள் மேசை எண் எழுதிய குட்டிக் கொடியைக் குத்திக் கொடுப்பார்கள். அது பின்சுவரின் தள்ளுகதவு வழியாக அடுப்படிக்குள் போகும். கொஞ்ச நேரம் படம் பிடித்துக்கொண்டும் பாட்டுக் கேட்டுக்கொண்டும் இருப்பார்கள். அதே கதவு வழியாக, அதே கொடிகளைக் குத்திக்கொண்டு, பொன்னிறமாக உப்பிய கேக்குகள் வரும். அவை கப்பலின் ரொட்டிக்காரர் காலையிலேயே சுட்டு வைத்தவை. விருந்தாளிகளின் மாவு அச்சோடு ஒரு தட்டடுக்கில் காத்திருந்து, கூடம் காலியானதும் குப்பைக்குப் போய்விடும்.

மாவக்கா இந்தக் கள்ளத்தைக் கண்டுகொண்டது கீழ்த்தளத்தில். கப்பலில் அவளுக்கு முதலில் கிடைத்தது பாத்திரம் கழுவும் வேலை. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. நீராவி, இரைச்சல், எந்நேரமும் ஊறிப்போன விரல்கள். கேக் வகுப்பின் அச்சுகள் அங்கேதான் இறங்கி வரும். கேக் சுட்ட அச்சு என்றால் ஓரத்தில் கொஞ்சமாவது கருகல் ஒட்டியிருக்க வேண்டாமா? இவற்றில் பச்சை மாவுதான் வழியும். குழாயைத் திறந்தால் வழுக்கிக்கொண்டு போய்விடும். மேலே கேக் செய்கிறார்களா, மாவு கரைத்து விளையாடுகிறார்களா என்று பக்கத்தில் நின்றவளிடம் கேட்டாள். அவள் கண்ணைச் சிமிட்டிவிட்டு அடுத்த அச்சை எடுத்தாள்.

முன்பு வகுப்பை நடத்தியவர் ஒப்பந்தம் முடிந்து போனபோது, நாலு பேரைச் சிரிக்கவைக்கிற ஆளாக வேண்டும் என்று பெரிய ஷெஃப் தேடினார். பாத்திர அறையையே சிரிக்கவைக்கிறவள் ஒருத்தி இருப்பது அவர் காதுக்கு எட்டியது. மேலே கூப்பிட்டு, வேலையைச் சொல்லி, கடைசியில் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"சுவருக்கு இந்தப் பக்கம் நடக்கறது அந்தப் பக்கம் தெரியக் கூடாது. என்னைக்குத் தெரியுதோ அன்னைக்கு நீ திரும்பக் கீழ போயிடுவ. அப்ப வந்து என்கிட்ட அழாத."

கீழே போவது என்றால் என்ன என்பது அவளுக்குத் தெரியும். மேலே வந்தபின் அவளுக்கு வட்ட ஜன்னல் வைத்த அறை கிடைத்தது. வீட்டுக்குப் பேசினால் குரல் அறுந்துபோகாமல் கேட்டது. கணவன் வீடுகளுக்குச் சுண்ணாம்பும் பெயிண்டும் அடிக்கிறவன். மகளைப் பார்த்துக்கொள்வதும் அவன்தான். மகள் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் எங்கம்மா கப்பலில் டீச்சர் என்று சொல்லி வைத்திருந்தாள். ஒவ்வொரு முறை பேசும்போதும் அவளுக்கு ஒரே கேள்விதான். "இன்னைக்கு எல்லாருக்கும் நல்லா வந்துச்சாம்மா?"

"எல்லாருக்கும் சூப்பரா வந்துச்சுடி" என்பாள் மாவக்கா. அதில் பொய்யே கிடையாது. ரொட்டிக்காரர் சுட்டது எப்படி நன்றாக வராமல் போகும்?

நாள் போகப்போக அவள் மாவைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். முட்டை ஓடு உள்ளே விழுந்தாலும் "சூப்பர்", கட்டி கட்டியாக நின்றாலும் "சூப்பர்". பொய் சொல்கிறோம் என்ற உறுத்தல் முதல் சில வாரங்கள் இருந்தது. பிறகு அதுவும் மரத்துப்போனது. சொல்லிச் சொல்லி, தன் பொய்யைத் தானே நம்புகிற நிலைக்கு அவள் வந்துவிட்டாள். அன்றைக்கு நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம்.

அன்று கடல் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. கோடி மேசைக்கு வயதான தம்பதி வந்தார்கள். அந்த அம்மாள் தையல்கடை வைத்து நடத்தியவள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் காய்த்திருந்தது. கணவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இருவருக்கும் இதுதான் முதல் கப்பல் பயணம். அந்த அம்மாள் வாழ்நாளில் கேக் செய்ததில்லை, வேண்டாம் என்றாலும் கேட்காமல் மனிதர் பணம் கட்டிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மாவக்கா "மேடம்" என்றதும் அந்த அம்மாள், "மேடமாவது கீடமாவது, அம்மான்னு கூப்பிடும்மா" என்றாள். உட்கார்ந்ததும் மாவக்காவை அருகே அழைத்தாள்.

"எனக்குப் பாதாம் ஆகாதும்மா. ஒரு தடவை தெரியாம தின்னு தொண்டை அடைச்சுப்போய், ஆஸ்பத்திரிக்குள்ள போறதுக்குள்ள உசிரு போய் வந்துடுச்சு. எப்பவும் ஊசி மருந்து கையில இருக்கும். இன்னைக்கு நானே செஞ்சு நானே திங்கப்போறேன், அதனால ரூம்லயே வச்சுட்டு வந்துட்டேன்."

அன்றைய கேக்கோ ஆரஞ்சும் பாதாம் பொடியும் சேர்ந்தது. மாவக்கா பதறாமல் காரியத்தில் இறங்கினாள். கோடி மேசையிலிருந்து பாதாம் பொடிக் கிண்ணத்தை அகற்றினாள். மேசையைச் சுடுதண்ணீர் விட்டுத் தானே துடைத்தாள். புதுக் கிண்ணம், புதுக் கரண்டி, பொடிக்குப் பதில் இன்னும் கொஞ்சம் மைதா. அவர்கள் ஊற்றிக் கொடுத்த இரண்டு அச்சுகளையும் மற்றவற்றோடு சேர்க்காமல் மேல்தட்டில் தனியாக வைத்து மூடியும் போட்டாள். இவ்வளவு பொறுப்பான ஆள் நம்மைத் தவிர யார் இருக்கிறார்கள் என்று மனதுக்குள் தட்டிக்கொடுத்தும் கொண்டாள். குப்பைக்குப் போகிற மாவுக்கு இத்தனை உபசாரம். அந்த அம்மாள் சாப்பிடப்போவது அந்த மாவை அல்ல என்பது மட்டும் அவள் தலையில் ஏறவே இல்லை.

இன்னொன்றும் நடந்தது. அந்த அம்மாள் கலக்கிக்கொண்டிருந்தபோது, சர்க்கரைக் கிண்ணம் தொடாமல் அப்படியே மேசை மேல் இருந்தது. மாவக்கா பார்த்தாள். பார்த்துவிட்டு, "சூப்பரா கலக்கறீங்கம்மா" என்று சொல்லி அடுத்த மேசைக்குப் போனாள்.

தள்ளுகதவு திறந்து கேக் வண்டி வந்தது. கூடம் முழுக்க ஆரஞ்சு மணம். விருந்தாளிகள் கை தட்டினார்கள். கொடி பார்த்துத் தட்டுகளை வைத்துக்கொண்டே போனாள் மாவக்கா. கோடி மேசையிலும் இரண்டு தட்டு வைத்தாள். பிறகு வாசல் பக்கத்து மேசையில் ஒரு இளைஞன், தன் கேக்கோடு படம் எடுத்துத் தரச் சொல்லிக் கைபேசியை நீட்டினான். அம்மாவுக்கு அனுப்ப வேண்டுமாம். அவன் கேக்கை முகத்தருகே தூக்கிப் பிடித்தான். வெட்டியிருந்த பக்கத்தில் பாதாம் பொடியின் பழுப்புத் துகள் திரையில் பெரிதாகத் தெரிந்தது.

ரொட்டிக்காரர் காலையில் சுட்டது ஒரே மாவு. எல்லாக் கேக்கிலும் பாதாம். கோடி மேசையிலும்.

திரும்பிப் பார்த்தாள். அந்த அம்மாள் மடித்த துணியை மடியில் விரித்து, கரண்டியை எடுத்துக்கொண்டிருந்தாள். கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அவ்வளவு தூரம் இருப்பது மாவக்காவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஓடினால் எல்லாரும் பார்ப்பார்கள், கத்தினால் எல்லாம் வெளியே வந்துவிடும். ஓட்டமும் நடையுமாகப் போனாள். சுவருக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்ற பெரிய ஷெஃப்பின் குரல் கூடவே வந்தது. ஜன்னல் இல்லாத அறையும், மகளின் கேள்வியும் கூடவே வந்தன. மேசையை அடைந்தபோது அந்த அம்மாள் ஒரு துண்டை வெட்டிவிட்டாள். அந்த நேரம் கப்பல் லேசாகச் சாய்ந்தது. அதுவே சாக்காக, கால் தடுக்கினவள் போல மேசை மேல் விழுந்து, தட்டை இடித்துக் கீழே தள்ளினாள். தட்டு உடைந்து கேக் சிதறியது.

கடல் ஆடிவிட்டது, மன்னிக்க வேண்டும் என்றாள். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். அந்த அம்மாளும் சிரித்தாள். ஒரு மூச்சு விட்டாள் மாவக்கா. தப்பித்தோம், பழத்தட்டு ஏதாவது கொண்டுவந்து கொடுத்துச் சமாளித்துவிடலாம், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம் என்று துடைப்பத்தை எடுக்கப் போனாள். ஒரு உயிரைக் காப்பாற்றிய கையோடு வேலையையும் காப்பாற்றிவிட்ட கெட்டிக்காரத்தனம் அவளுக்கே பிடித்திருந்தது.

துடைப்பத்தோடு திரும்பினால், பஸ்காரர் தன் கேக்கைப் பாதியாக வெட்டிக்கொண்டிருந்தார்.

"உன்னுது போனா என்ன, ரெண்டும் நாம கலந்த ஒரே மாவுதானே" என்று பாதியை மனைவி பக்கம் தள்ளினார். அந்த அம்மாளுக்குச் சந்தோஷம். கரண்டி நிறைய எடுத்தாள். மேலே தூக்கினாள்.

இனி தடுக்கி விழ நேரம் இல்லை. சாக்கும் இல்லை.

"சாப்பிடாதீங்கம்மா. அது நீங்க செஞ்சது இல்ல."

கூடம் முழுக்கக் கேட்கிற குரல். கரண்டி அந்த அம்மாளின் உதட்டில் பட்டு நின்றது. மாவக்கா பாய்ந்து வந்து அதைப் பிடுங்கினாள். ஈரத்துணியால் உதட்டை அழுத்தித் துடைத்தாள். பேச்சு மட்டும் நிற்கவில்லை. "இதுல பாதாம் இருக்கு. காலைலயே உள்ள சுட்டது. யாருமே செஞ்சது இல்ல. ஐயா, ஓடிப்போய் ஊசிய எடுத்துட்டு வாங்க."

பஸ்காரர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. யாரோ கப்பல் நர்ஸுக்குப் போன் செய்தார்கள். அந்த அம்மாளின் கீழுதட்டில், கரண்டி பட்ட இடம், கண்ணெதிரே தடித்துச் சிவந்தது. மாவக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு முழந்தாளிட்டு உட்கார்ந்திருந்தாள். மூச்சு வருகிறதா, தொண்டை அடைக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்த அம்மாள் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள்.

நர்ஸ் வந்தாள். ஊசி மருந்தும் வந்தது. நாக்கை நீட்டச் சொல்லி, தொண்டையைப் பார்த்து, நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டாள். உள்ளே எதுவும் போகவில்லை, உதட்டோடு நின்றுவிட்டது என்றாள். ஒரு மாத்திரை கொடுத்தாள். அரைமணிக்கு மேல் ஆளை நகரவிடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், மூச்சில் மாற்றம் தெரிந்தால் உடனே ஊசி என்று சொல்லி, ஊசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

அதுவரை மூச்சடக்கி நின்ற மற்றவர்களுக்கு அப்போதுதான் கேட்டது உறைத்தது. தாங்கள் கலக்கினது எங்கே என்று ஒருவர் கேட்டார். மாவக்கா ஒளிக்கவில்லை. உள்ளே தட்டடுக்கில் இருக்கிறது, நீங்கள் போனதும் குப்பைக்குப் போகும் என்றாள். சிலர் பணத்தைத் திருப்பிக் கேட்கக் கிளம்பினார்கள். படம் எடுத்துக்கொண்ட இளைஞன் கைபேசியையே பார்த்துக்கொண்டு நின்றான். படம் அம்மாவுக்குப் போய்விட்டிருந்தது.

சத்தம் கேட்டுப் பெரிய ஷெஃப் வந்தார். விஷயத்தைக் கேட்டார். தடித்த உதட்டைப் பார்த்தார். அவர் முகமும் வெளுத்துத்தான் போயிருந்தது. விருந்தாளிகளிடம் தலை தாழ்த்தி மன்னிப்புக் கேட்டுவிட்டு மாவக்காவிடம் வந்து, நாளைக் காலையிலிருந்து கீழே வந்துவிடும்படி மெதுவாகச் சொன்னார். சரி என்றாள். வேறு என்ன சொல்ல முடியும்? சொன்னது சொன்னபடி நடந்தது. அழுகை வந்தது, ஆனால் நர்ஸின் முன்னால் அழ வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் அந்த அம்மாள் வாய் திறந்தாள். நாங்கள் செய்தது எங்கே என்று கேட்டாள். தனியாக மூடி வைத்திருப்பதாக மாவக்கா சொன்னாள்.

"அப்ப அதைச் சுடு. எப்படியும் என்னை இங்கதானே உக்கார வச்சிருக்காங்க."

மாவக்கா பெரிய ஷெஃப்பைப் பார்த்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். வாசலில் ஒயின் கோஷ்டி வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் போய், இன்றைக்குக் கூடம் இல்லை என்று அவர்களைத் திருப்பி அனுப்பினார். மாவக்கா கூடத்து மூலையில் ஒப்புக்கு வைத்திருந்த சின்ன அடுப்பைத் துடைத்து, அந்த அம்மாளின் அச்சை மட்டும் உள்ளே வைத்தாள். பிறகு ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் உதடு. இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றாள். அடுப்புக் கண்ணாடிக்குள் மாவு கொஞ்சம் எழும்பியது, பிறகு நடுவில் உட்கார்ந்தது. உதட்டின் தடிப்பு மெல்ல வடிந்தது. பஸ்காரர் மனைவியின் முதுகை நீவிக்கொண்டே இருந்தார். பாதியை நீட்டிய தன் கையைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை போலிருந்தது.

கேக் வந்தபோது நர்ஸ் மறுபடி தொண்டையைப் பார்த்தாள், மாவக்காவிடம் என்னென்ன சேர்ந்தது என்று ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டாள், பிறகுதான் சரி என்றாள். கேக் ஒரு பக்கம் கருகி, நடுவில் குழி விழுந்திருந்தது. அந்த அம்மாள் ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டாள். மென்றாள். மெல்வதை நிறுத்தினாள்.

"சர்க்கரையே போடல."

நன்றாகத்தான் இருக்கிறது என்று பஸ்காரர் சொல்ல வாயெடுத்தார். "நீங்க சும்மா இருங்க. இன்னைக்குக் கேட்ட பொய் போதும்" என்று அவரை அடக்கிவிட்டு, மேசை மேல் தொடாமல் இருந்த சர்க்கரைக் கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு மாவக்காவைப் பார்த்தாள்.

"நான் கலக்கும்போது நீ இங்கதானே நின்ன. பாத்தியா?"

"பாத்தேன்மா."

"ஏன் சொல்லல?"

"எப்படியும் குப்பைக்குத்தானே போகப்போகுதுன்னு விட்டுட்டேன்" என்றாள். சொன்னபிறகு அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தட்டைத் தள்ளியதற்கும், கத்தியதற்கும், கீழே போவதற்கும் வராத வெட்கம் இதற்கு வந்தது. இத்தனை நாள், இத்தனை பேரின் கையை அவள் பார்த்துப் பார்த்துச் சும்மா விட்டிருக்கிறாள்.

அந்த அம்மாள் திட்டவில்லை. கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி சர்க்கரையை எடுத்துக் கேக்கின் குழியில் கொட்டிப் பரப்பினாள். மறுபடி ஒரு துண்டு எடுத்துத் தின்றாள். இன்னொரு துண்டை வெட்டி மாவக்காவின் பக்கம் நகர்த்தினாள்.

மறுநாள் காலை மாவக்கா கீழே இறங்கினாள். அதே நீராவி, அதே இரைச்சல். பக்கத்தில் நின்றவள் இடம் விட்டு நகர்ந்துகொண்டாள். அன்று வகுப்பு இல்லை. அடுத்த நாளும் இல்லை. வகுப்பையே எடுத்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சு, வேறு ஆளை வைத்துப் பழையபடியே நடத்தப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு. வீட்டுக்குப் பேசியபோது வரிக்கு வரி குரல் அறுந்தது. மகள் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். மாவக்கா இந்த முறை, இல்லை, ஒருவருக்குக் குழி விழுந்தது, சர்க்கரை போட மறந்துவிட்டார்கள், நான் பார்த்தும் சொல்லாமல் இருந்துவிட்டேன் என்றாள். அந்தப் பக்கம் எவ்வளவு கேட்டதோ தெரியவில்லை.

அந்த வாரக் கடைசியில் மேலிருந்து கேக் அச்சுகள் இறங்கின. வகுப்பு மறுபடி நடந்திருக்கிறது. பழக்கத்தில் மாவக்கா ஒன்றை எடுத்துக் குழாயடியில் காட்டினாள். எதுவும் வழுக்கிக்கொண்டு போகவில்லை. தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். ஓரமெல்லாம் கருகல், அடியில் பிய்ந்து ஒட்டிய கேக். அடுத்ததை எடுத்தாள். அதில் முட்டை ஓடு ஒன்று வெந்து ஒட்டியிருந்தது.

பக்கத்தில் நின்றவள், இதை யார் தேய்ப்பது என்று சலித்துக்கொண்டாள். "நான் தேய்க்கறேன், எல்லாத்தையும் இப்படித் தள்ளு" என்று சொல்லி, கம்பிச் சுருளை எடுத்துக்கொண்டு மாவக்கா தேய்க்க ஆரம்பித்தாள். கருகல் லேசில் போகவில்லை.